மனைவி மட்டக்களப்பில், கணவரும் மகளும் அமெரிக்காவில்: மகளின் கல்லூரிச் செலவுக்கு வரி கிரடிட் எடுக்கலாமா?

கல்லடி_ஆசிரியை எழுதியது:

வணக்கம். விபரம் எல்லாத்தையும் முதலே சொல்லிப்போட்டுக் கேக்கிறன், அப்பதான் சரியான பதில் கிடைக்கும்.

எங்கட அவர் நியூ ஜெர்சியில வேலை செய்யிறார், கிரீன் காட். மூத்த மகளுக்கும் கிரீன் காட், சோஷல் செக்யூரிட்டி இலக்கம் ரெண்டும் இருக்கு. அவவுக்கு 20 வயசு, 2024 ஓகஸ்ட்டில காலேஜ் தொடங்கினவ, முழுநேரப் பட்டப்படிப்பு. படிக்கிற நாளில விடுதியில, லீவுக்குத் தகப்பனிட்ட. நானும் மகனும் கல்லடியில இருக்கம். எங்க ரெண்டு பேருக்கும் விசா இன்னும் வரல்ல, அமெரிக்க இலக்கம் ஒண்டும் இல்ல. மகன் வந்தாறுமூலை கம்பஸ்ல ரெண்டாம் வருசம்.

2025 கணக்கு இதுதான். அவரின்ட சம்பளம் 86,000 டொலர். என்ட ஆசிரியர் சம்பளமும் சின்ன வீட்டு வாடகையும் சேர்த்தா 4,000 டொலர் அளவு. மகள் பாட்டைம் வேலையில 5,600 எடுத்தவ. காலேஜ் அனுப்பின 1098-டி கட்டண விபரப் படிவத்தில 1ஆம் பெட்டியில (காலேஜுக்கு வந்த காசு) 12,600, 5ஆம் பெட்டியில (புலமைப்பரிசில்) 11,200. அந்த 11,200ல பெல் கிராண்ட் எண்ட அரசாங்க உதவிப் பணம் 2,900. மிச்சம் 8,300 காலேஜ் குடுத்த புலமைப்பரிசில், ரியூஷனுக்கு மட்டும் எண்டு கடிதத்தில போட்டிருக்கு. மீதி 1,400 டொலரை எங்கட அம்மா இங்க வங்கியால நேரா காலேஜுக்குக் கட்டினவ. இதைவிட வெளிக்கடையில வாங்கின பாடப் புத்தகம் 700 டொலர், காலேஜ் மருத்துவக் காப்புறுதி 2,400, விடுதியும் சாப்பாடும் 14,000க்கு மேல.

போன வருசம் அவர் "கல்யாணம் முடிச்சவர், தனியாகத் தாக்கல்" எண்டு போட்டார். மென்பொருள் கல்விக் கிரடிட் (படிப்புச் செலவுக்காக வரியில நேராக் கழிக்கிற தொகை) ஒண்டும் தரல்ல. இந்த முறையும் அப்படித்தானா? அம்மா கட்டின காசு எங்கட செலவாக வருமா? மகன்ட படிப்புக்கு ஏதும் இருக்கா?

---

ஏறாவூர்_நானா எழுதியது:

அக்கா, தனியாகத் தாக்கல் செய்தால் கல்விக் கிரடிட் ரெண்டுமே கிடையாது. அமெரிக்கன் ஒப்பர்ச்சூனிட்டியும் இல்ல, லைஃப்டைம் லேர்னிங்கும் இல்ல. மென்பொருள் சொன்னது சரிதான்.

ஆனா மனைவி வெளிநாட்டில, வரிச் சட்டப்படி "வதிவாளர் அல்லாதவர்" எண்டால், பிள்ளையை வச்சுப் பார்க்கிறவர் ஹெட் ஒஃப் ஹவுஸ்ஹோல்ட் (குடும்பத் தலைவர்) எண்ட தாக்கல் நிலையில போடலாம். மகள் விடுதியில இருந்தாலும் படிப்புக்காகப் போய் இருக்கிறது தற்காலிகம்தான், தகப்பன் வீட்டில இருந்ததாகவே கணக்கு. அந்த வழியைப் பாருங்க.

---

நாவற்குடா_வரிவேலை எழுதியது:

நானா சொன்ன ஹெட் ஒஃப் ஹவுஸ்ஹோல்ட் நிலை அவருக்குக் கிடைக்கும். வரி வீதமும் குறையும். ஆனால் இந்தக் கேள்விக்கு அது விடை இல்லை. கல்விக் கிரடிட் கேட்கும் 8863 படிவத்தின் வழிகாட்டியில் "யார் எடுக்க முடியாது" என்ற பகுதியைப் பாருங்கள். நீங்களோ உங்கள் துணையோ ஆண்டின் ஒரு பகுதியிலாவது வதிவாளர் அல்லாதவராக இருந்து, வதிவாளராகக் கணிக்கப்படத் தெரிவு செய்யாவிட்டால், இரண்டு கிரடிட்டும் இல்லை என்று அங்கே இருக்கிறது. "அல்லது துணை" என்ற சொல்லைக் கவனிக்காமல் விடுபவர்கள்தான் அதிகம். ஹெட் ஒஃப் ஹவுஸ்ஹோல்ட் போட்டு 8863ஐயும் இணைத்தால் மென்பொருள் தடுக்காமல் விடலாம். பிறகு கடிதம் வரும்.

ஆகவே வழி ஒன்றுதான். அக்கா, நீங்கள் இருவரும் கையெழுத்திட்டு உங்களை அந்த ஆண்டு முழுவதும் அமெரிக்க வதிவாளராகக் கணிக்கும்படி தெரிவு செய்து, கூட்டாகத் தாக்கல் செய்ய வேண்டும். சட்டத்தில் இது 6013(ஜி) பிரிவு. இதற்குத் தனிப் படிவம் கிடையாது. ஒரு தாளில் அறிக்கை எழுதி, 1040 என்ற வருமான வரிப் படிவத்துடன் இணைக்க வேண்டும். ஆண்டின் கடைசி நாளில் ஒருவர் அமெரிக்க வதிவாளர், மற்றவர் வதிவாளர் அல்லாதவர், இருவரும் முழு ஆண்டுக்கும் வதிவாளராகக் கணிக்கப்படத் தெரிவு செய்கிறோம் என்று எழுதி, இருவரின் முழுப் பெயர், முகவரி, இலக்கம் போட்டு, இருவரும் ஒப்பமிட வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. உங்கள் மட்டக்களப்புச் சம்பளமும் வாடகையும் அந்தக் கணக்குக்குள் வரும். உங்கள் தொகைக்கு அது பாதகமில்லை. 2025 வரி ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தனியாகத் தாக்கல் செய்தால் 86,000இலிருந்து நிலையான கழிவு 15,750 போக 70,250. வரி சுமார் 10,369. ஹெட் ஒஃப் ஹவுஸ்ஹோல்ட் என்றால் கழிவு 23,625, வரி சுமார் 7,145. கூட்டாக என்றால் உங்கள் 4,000ஐயும் சேர்த்து 90,000, கழிவு 31,500, மிச்சம் 58,500, வரி சுமார் 6,543. உங்கள் வருமானத்தைச் சேர்த்த பிறகும் கூட்டுத் தாக்கலில்தான் வரி மிகக் குறைவு. கல்விக் கிரடிட்டை இன்னும் நான் கழிக்கவே இல்லை.

வருமான எல்லையும் இதே பக்கம்தான் நிற்கிறது. அமெரிக்கன் ஒப்பர்ச்சூனிட்டி கிரடிட் தனியாளுக்கும் ஹெட் ஒஃப் ஹவுஸ்ஹோல்டுக்கும் 80,000இலிருந்து குறைந்து 90,000இல் முற்றாக நின்றுவிடும். 86,000 உள்ளவருக்கு 40 வீதம்தான் மிஞ்சும், அதாவது உச்சமே 1,000 டொலர். கூட்டுத் தாக்கலில் குறையத் தொடங்குவது 160,000இல், முடிவது 180,000இல். 90,000க்கு முழுத் தொகையும் கிடைக்கும்.

தெரிவு செய்யுமுன் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். இந்தத் தெரிவு ஓராண்டுக்கு மட்டும் அல்ல, நீங்கள் விலக்கும்வரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் தொடரும். ஒருமுறை விலக்கினால் அதே தம்பதி திரும்ப இந்தத் தெரிவைச் செய்ய முடியாது. ஊரில் காணி விற்கும் யோசனை இருந்தால், அந்த இலாபமும் கூட்டுக் கணக்குக்குள் வந்துவிடும் என்பதைக் கணக்கில் எடுங்கள். மற்றது, அவரின் பெயரும் சேர்ந்த இலங்கை வங்கிக் கணக்குகள் எல்லாம் கூட்டி ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டொலரைத் தாண்டியிருந்தால், வரிப் படிவத்துக்கு வெளியே ஃபின்சென் 114 என்ற அறிக்கையை அவர் தனியாக அனுப்ப வேண்டும். இந்தத் தெரிவைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது அவருடைய கடமை.

உங்களுக்கு இலக்கம் இல்லாததால் டபிள்யூ-7 படிவம் போட்டு ஐ.டி.ஐ.என். என்ற வரி இலக்கம் எடுக்க வேண்டும். காரணத்தில் "அமெரிக்கப் பிரசை அல்லது வதிவாளரின் துணை" என்ற இ பெட்டியைத் தெரிவு செய்யுங்கள். டபிள்யூ-7ஐ 1040க்கு மேலே இணைத்து, அதிலுள்ள முகவரிக்கே, டெக்சாஸ் ஒஸ்டினுக்கு, தாளில் அனுப்ப வேண்டும். இந்த முறை இணையத்தில் தாக்கல் செய்ய முடியாது.

திகதியில்தான் பலர் இதை இழக்கிறார்கள். அமெரிக்கன் ஒப்பர்ச்சூனிட்டி கிரடிட்டுக்கு எடுப்பவர், துணை, மாணவர் மூவரின் இலக்கமும் அந்த ஆண்டுத் தாக்கலின் கடைசி நாளுக்குள் கிடைத்திருக்க வேண்டும், அல்லது அதற்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். கடைசி நாள் ஏப்ரல் 15, சித்திரை வருசப் பிறப்புக்கு மறுநாள். பத்திரங்கள் அதற்குள் தயாராகாது என்றால், அவர் 4868 படிவம் போட்டு ஒக்டோபர் 15 வரை நீட்டிக்கட்டும். நீட்டிப்புத் திகதிக்குள் விண்ணப்பித்தாலும் செல்லும். நீட்டிப்பு தாக்கலுக்குத்தான், வரி கட்டுவதற்கு அல்ல. கட்டவேண்டிய மிச்சம் இருந்தால் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்.

---

கல்முனை_கணக்காளர் எழுதியது:

தாக்கல் நிலையை மேலே சொல்லியாச்சு. நான் 1098-டி பக்கத்துக்கு வாறன், அக்கா. உங்கட கேள்வியில 1,400 மட்டும்தான் செலவு எண்ட மாதிரி இருக்கு. அப்படிப் பார்த்தா கிரடிட் 1,400தான். ஆனா நேர்மையான வழியிலயே அதை 2,500 ஆக்கலாம்.

கணக்கு இப்படி. ஒரு மாணவருக்கு முதல் 2,000 டொலர் தகுதியான செலவுக்கு 100 வீதம், அடுத்த 2,000க்கு 25 வீதம். 4,000 செலவு காட்டினா 2,500 கிரடிட். அதில 40 வீதம், உச்சமாக 1,000, வரி இல்லாட்டியும் கையில வரும். மிச்சம் வரியைக் குறைக்க மட்டும்.

முதல்ல புத்தகம். அமெரிக்கன் ஒப்பர்ச்சூனிட்டியில பாடத்துக்குத் தேவையான புத்தகம், உபகரணம் எந்தக் கடையில வாங்கினாலும் தகுதி. 1098-டியில அது வராது, வரவேண்டியதும் இல்ல. பற்றுச்சீட்டை வச்சுக்கொள்ளுங்க. 1,400உம் 700உம் 2,100. கிரடிட் 2,000 + 25 = 2,025. மடிக்கணினியும் படிப்புக்குக் கட்டாயம் எண்டால் சேரும். மருத்துவக் காப்புறுதி, விடுதி, சாப்பாடு, பஸ், பார்க்கிங் சேராது. காலேஜ் பில்லில "கட்டணம்" எண்டு இருந்தாலும் சேராது.

ரெண்டாவது பெல் கிராண்ட். இதை விளங்காம வருசத்துக்கு நானூறு ஐந்நூறு டொலரை விட்டுப்போட்டுப் போற குடும்பங்கள் இருக்கு, அதுதான் நீட்டிச் சொல்றன். பெல் கிராண்ட் ரியூஷனுக்கு மட்டும் எண்டு கட்டின காசு இல்ல, தங்குமிடம் சாப்பாட்டுக்கும் பாவிக்கலாம். அந்தப் பங்கை மகளின் வருமானமாக அவவின் கணக்கில சேர்த்தா, அவ்வளவு ரியூஷன் புலமைப்பரிசிலால கட்டப்படாததாக மாறும். உங்களுக்கு 4,000க்கு இன்னும் 1,900 தேவை. பெல் 2,900ல 1,900ஐ விடுதிச் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்க. அவவின் உண்மையான விடுதிச் செலவு 14,000க்கு மேல இருக்கிறபடியா அதுக்கு இடம் இருக்கு. அப்ப தகுதியான செலவு 4,000, கிரடிட் 2,500. காலேஜ் குடுத்த 8,300ஐத் தொடக்கூடாது. கடிதத்தில ரியூஷனுக்கு மட்டும் எண்டு இருக்கிறபடியா அது ரியூஷனைத்தான் குறைக்கும்.

மகளுக்கு வரி வருமா? சம்பளம் 5,600, புலமைப்பரிசில் 1,900, மொத்தம் 7,500. தங்கி வாழுறவரின் நிலையான கழிவு உழைத்த வருமானத்தோட 450 கூட்டினது. இந்தக் கழிவுக்கு வரிக்குட்பட்ட புலமைப்பரிசிலும் உழைத்த வருமானமாக எண்ணப்படும். ஆகவே கழிவு 7,950, வரி பூச்சியம். அதுக்கு மேல கூடுதலா ஒதுக்க வேண்டாம். 4,000 நிரம்பினாப் பிறகு ஒரு டொலரும் பயன் இல்ல. 2025ல உழைக்காத வருமானம் 2,700ஐத் தாண்டினா, தகப்பன்ட வீதத்தில வரி போடுற 8615 படிவக் கணக்கும் வரலாம். அந்த இடத்தில புலமைப்பரிசில் உழைக்காத வருமானம்.

மகளுக்குத் தாக்கல் கட்டாயம் இல்ல. சம்பளத்தில வரி பிடிச்சிருந்தா அதை மீட்க அவ தாக்கல் செய்யலாம். செய்தா 1,900ஐ அட்டவணை 1ல 8ஆர் வரியில போடவேணும். "என்னை வேறொருவர் தங்கி வாழுறவராகக் காட்டலாம்" எண்ட பெட்டியை அவ கட்டாயம் குறிக்கவேணும். பிள்ளைகள் தொலைபேசியில அவசரமாத் தாக்கல் செய்து, அந்தப் பெட்டியை விட்டுட்டா, தகப்பன்ட தாக்கல் சிக்கிக்கொள்ளும். இப்பவே மகளுக்குச் சொல்லிவையுங்க.

அம்மா கட்டின 1,400: மூன்றாம் ஆள் நேரா காலேஜுக்குக் கட்டினா, மாணவருக்குக் குடுத்து மாணவர் கட்டினதாகக் கணக்கு. மாணவரைத் தங்கி வாழுறவராகக் காட்டுறவர் அதைத் தான் கட்டினதாக எடுப்பார். ஆகவே அது உங்களுக்குத்தான். அம்மா இலங்கையில இருக்கிறது தடை இல்ல. கடன் எடுத்துக் கட்டினாலும் அப்படித்தான், கட்டின வருசத்துச் செலவு. கடனைத் திருப்பிக் கட்டுற வருசத்தில இல்ல.

1098-டியை அப்படியே நம்பவும் வேண்டாம். 1ஆம் பெட்டி அந்தக் கலண்டர் வருசத்தில காலேஜுக்கு வந்த காசு. 5ஆம் பெட்டி அந்த வருசத்தில பதிஞ்ச புலமைப்பரிசில். ஜனவரித் தவணை பில்லை டிசம்பரில கட்டியிருந்தா, காசு ஒரு வருசத்தில, அதுக்குரிய புலமைப்பரிசில் அடுத்த வருசத்தில விழும். 7ஆம் பெட்டியில குறி இருந்தா அடுத்த ஜனவரி முதல் மார்ச்சுக்குள்ள தொடங்குற தவணைக்கான காசும் 1ஆம் பெட்டியில இருக்கு எண்டு அர்த்தம். 4ஆம், 6ஆம் பெட்டியில தொகை இருந்தா முந்தின வருசத்துக் கணக்கு மாறியிருக்கு. மகளிடம் காலேஜ் இணையத்தளத்தில இருந்து வருசம் முழுதுக்குமான மாணவர் கணக்கு அறிக்கையை எடுக்கச் சொல்லி, திகதி திகதியாப் பாருங்க. ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித் திணைக்களம்) கேட்டா 1098-டியோட அந்த அறிக்கையும் பற்றுச்சீட்டும் வேணும்.

8863ஐ நிரப்பும்போது பின்பக்கத்து 3ஆம் பகுதியில தொடங்கவேணும். 22ஆம் வரியில காலேஜின் பேர், முகவரி, ஈ.ஐ.என். எண்ட நிறுவன வரி இலக்கம். அந்த இலக்கம் 1098-டியிலயே இருக்கு, அது இல்லாம இந்தக் கிரடிட் செல்லாது. 23 முதல் 26 வரை ஓம், இல்லை கேள்வி: ஏற்கனவே 4 வருசம் எடுத்தாச்சா, பாதிநேரமாவது படிச்சவரா, முதல் 4 ஆண்டுப் படிப்பை முடிச்சவரா, போதைப்பொருள் குற்றத் தண்டனை உண்டா. 27ஆம் வரியில 4,000. 30ஆம் வரியில 2,500 வரும். பிறகு முன்பக்கம். கையில வாற 1,000 1040ல 29ஆம் வரிக்கும், 1,500 அட்டவணை 3ல 3ஆம் வரிக்கும் போகும். 6,543 வரியில 1,500 போகும். 20 வயசு மகளுக்கு மற்றத் தங்கி வாழுறவர் கிரடிட் 500 போகும். பிறகு அந்த 1,000. கடைசியில 3,543.

---

அக்கரைப்பற்று_வாசகர் எழுதியது:

மகனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அமெரிக்க வரியில் தங்கி வாழ்பவராகக் காட்ட, அவர் அமெரிக்கப் பிரசை, அமெரிக்க வதிவாளர், அல்லது கனடா, மெக்சிக்கோவில் வசிப்பவர் என்று இருக்க வேண்டும். இலங்கைப் பிரசையாகக் கல்லடியில் இருக்கும் மகன் இதில் எதிலும் வரமாட்டார். நீங்கள் செய்யும் 6013(ஜி) தெரிவு உங்களுக்கு மட்டும்தான், பிள்ளைக்கு இல்லை. அவருக்காக டபிள்யூ-7 போட்டுப் பணத்தையும் நேரத்தையும் செலவழிக்க வேண்டாம். வந்தாறுமூலையில் கற்கைக் கட்டணமும் இல்லை. விடுதி, சாப்பாட்டுச் செலவுக்கு எப்படியும் இந்தக் கிரடிட் கிடையாது.

இதே கேள்வி வேறு உருவத்தில் அடிக்கடி வரும். இங்கிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போன மருமகளின் செலவை அங்குள்ள மாமா கட்டினால், மாமா எடுக்கலாமா? முடியாது. எஃப்-1 மாணவர் பொதுவாக முதல் 5 கலண்டர் ஆண்டுகளுக்கு வதிவாளராக எண்ணப்படுவதில்லை. வதிவாளர் இல்லை என்றால் தங்கி வாழ்பவரும் இல்லை.

இலங்கைப் பக்கத்தில், 2020/21, 2021/22 மதிப்பீட்டு ஆண்டுகளில் பிள்ளைகளின் கல்விச் செலவையும் உள்ளடக்கிய 12 இலட்சம் ரூபா வரையான செலவினக் கழிவு இருந்தது. 2022 திருத்தச் சட்டத்தோடு அது 2023 ஜனவரியிலிருந்து இல்லை. இப்போது உங்களுக்கு உதவுவது தனிநபர் நிவாரணம், 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம், மாதம் 150,000. உங்கள் சம்பளமும் வாடகையும் அதற்குள் வருவதால் இங்கே வரி இல்லை. அதனால் அமெரிக்கக் கணக்கில் "வெளிநாட்டில் கட்டிய வரி" என்று கழிக்கவும் ஒன்றும் இராது.

---

கல்லடி_ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் மூண்டு கேள்வி. கடவுச்சீட்டுப் பிரதியை ஜே.பி.யிட்ட குடுத்து உறுதிப்படுத்தி அனுப்பினாப் போதுமா? விசா அழைப்பு எப்ப வரும் எண்டு தெரியாததால அசல் கடவுச்சீட்டைக் கையால விடப் பயமா இருக்கு. 2024க்கு அவர் தனியாகப் போட்டதைத் திருத்தலாமா? அந்த வருசம் 1ஆம் பெட்டி 6,300, 5ஆம் பெட்டி 2,400. மற்றது, படிப்பு 2028 மே மாசம்தான் முடியும். 4 வருசம் எண்ட எல்லை எப்படி வரும்?

---

நாவற்குடா_வரிவேலை எழுதியது:

ஜே.பி. முத்திரை செல்லாது அக்கா. சட்டத்தரணி நொத்தாரிசு உறுதிப்படுத்திய பிரதியும் செல்லாது. ஐ.ஆர்.எஸ். ஏற்பது அசல் கடவுச்சீட்டு, அல்லது அதை வழங்கிய திணைக்களமே உறுதிப்படுத்திய பிரதி. இன்னொரு வழி, ஐ.ஆர்.எஸ். அங்கீகரித்த சான்றுறுதி முகவர் ஒருவரிடம் அசலைக் காட்டி, அவர் பார்த்து உறுதிப்படுத்திவிட்டு அசலைத் திருப்பித் தருவது. விசா அழைப்பு நிலுவையில் இருக்கும்போது அசலைத் தபாலில் அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டபிள்யூ-7 முடிய வழமையாக 7 கிழமை, ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் முடியும்வரையான நெரிசலிலோ வெளிநாட்டிலிருந்து அனுப்பினாலோ 9 முதல் 11 கிழமை. அவ்வளவு நாள் கடவுச்சீட்டு இல்லாமல் இருக்க முடியாது.

பெயரிலும் கவனம். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் எந்தப் பெட்டியில், உங்கள் பெயர் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, அதே ஒழுங்கில் டபிள்யூ-7இலும் 1040இலும் இருக்க வேண்டும். மகளின் பெயர் 8863இல் சோஷல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடி வர வேண்டும். காலேஜ் பதிவில் முன்பின்னாக இருந்தால், காலேஜில் திருத்தக் கேளுங்கள். எங்கள் ஆட்களின் தாக்கல்கள் நிற்பது தொகையில் இல்லை, பெரும்பாலும் இந்த முன்பெயர், பின்பெயர் குழப்பத்தில்தான்.

2024ஐத் திருத்தலாம். தனியாகப் போட்டதைக் கூட்டாக மாற்ற, அந்தத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 3 ஆண்டு உண்டு, அதாவது 2028 ஏப்ரல் 15 வரை. கூட்டாகப் போட்டதைக் கடைசி நாளுக்குப் பிறகு தனியாக மாற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனால் 2024க்கு அமெரிக்கன் ஒப்பர்ச்சூனிட்டி போய்விட்டது. உங்கள் இலக்கம் அந்த ஆண்டுத் தாக்கலின் கடைசி நாளுக்குள் இல்லை, திருத்தியும் எடுக்க முடியாது. லைஃப்டைம் லேர்னிங்குக்கு அந்தத் திகதிக் கட்டுப்பாடு இல்லை. 6,300இலிருந்து 2,400 போக 3,900, அதன் 20 வீதம் 780 டொலர். வெளிக்கடையில் வாங்கிய புத்தகத்தை இதில் சேர்க்க வேண்டாம். இந்தக் கிரடிட்டில் காலேஜுக்கே கட்டாயமாகக் கட்டியவைதான் சேரும். 780ஐ விட, தனியாகப் போட்டதிலிருந்து கூட்டுக்கு மாறுவதால் வரியில் குறைவது பெரிய தொகையாக இருக்கும். ஆகவே திருத்துவது பயனுள்ளதுதான். முதலில் 2025ஐ அனுப்பி இலக்கத்தை எடுங்கள். பிறகு 1040-எக்ஸ் படிவத்தில் 2024. 2024க்கும் உங்கள் அந்த ஆண்டு வருமானத்தைச் சேர்த்து, தெரிவு அறிக்கையைத் தனியாக இணைக்க வேண்டும்.

4 வருசம் என்பது 4 வரி ஆண்டு. ஓகஸ்ட்டில் தொடங்கி மேயில் முடியும் நாலாண்டுப் படிப்பு 5 கலண்டர் ஆண்டைத் தொடும். உங்களுக்கு 2024, 2025, 2026, 2027, 2028. ஒரு மாணவருக்கு நாலு முறைதான் எடுக்கலாம் என்பதால் ஒன்று எப்படியும் வெளியே நிற்கும். 2024இல் எடுக்காததால் மீதி நாலுக்கும் முழுதாக எடுக்க இடம் இருக்கிறது. 2024 ஒரு தவணை மட்டும் உள்ள ஆண்டு, அதை லைஃப்டைமுக்கு விடுவது நல்லது. 2028 ஜனவரித் தவணைப் பில்லை 2027 டிசம்பரிலேயே கட்டிவிடாதீர்கள். கட்டினால் 2027இல் ஏற்கனவே நிரம்பிய 4,000க்கு மேல் போய் வீணாகும், 2028க்குக் காட்டச் செலவு இராது. காலேஜ் கொடுக்கும் கடைசித் திகதி ஜனவரியில் இருந்தால் ஜனவரியிலேயே கட்டுங்கள்.

2026 வரி ஆண்டிலிருந்து ஒரு மாற்றம். 2025 யூலையில் வந்த சட்டத்தின்படி, இந்த இரண்டு கிரடிட்டுக்கும் எடுப்பவருக்கும் மாணவருக்கும் சோஷல் செக்யூரிட்டி இலக்கமே வேண்டும், ஐ.டி.ஐ.என். போதாது. அவரிடமும் மகளிடமும் அது இருக்கிறது. 2026 தாக்கலுக்கு முன் அந்த ஆண்டின் 8863 வழிகாட்டியில் துணையின் இலக்கம் பற்றிய பகுதியை வாசித்துவிட்டு நிரப்புங்கள். அதற்குள் உங்களுக்கு விசா வந்து சோஷல் செக்யூரிட்டி இலக்கம் கிடைத்தால், அன்றிலிருந்து அதையே பாவியுங்கள். ஐ.டி.ஐ.என். கணக்கை அதோடு இணைக்கச் சொல்லி ஐ.ஆர்.எஸ்.க்குக் கடிதம் எழுத வேண்டும்.

---

கல்முனை_கணக்காளர் எழுதியது:

ஒண்டு விடுபட்டுப்போச்சு. தகுதி இல்லாத கிரடிட்டை அசட்டையா எடுத்ததாக முடிவானா 2 வருசம், மோசடி எண்டால் 10 வருசம் அமெரிக்கன் ஒப்பர்ச்சூனிட்டி எடுக்கத் தடை. ஒருமுறை மறுத்தா, அடுத்த முறை 8862 படிவமும் சேர்க்கவேணும். அதால பெல் கிராண்டை எப்படிப் பிரிச்சீங்க எண்டதை ஒரு தாளில எழுதி, காலேஜ் கடிதம், விடுதிப் பில், புத்தகப் பற்றுச்சீட்டு, அம்மா வங்கியால அனுப்பின ரசீது எல்லாத்தையும் அதோட வச்சிருங்க. அந்த வங்கி ரசீதில மகளின் மாணவர் இலக்கம் தெளிவா இருக்கா எண்டு இப்பவே பாருங்க. இல்லாட்டி வங்கியிட்டக் கேட்டு, கட்டின விபரத்தோட ஒரு கடிதம் எடுத்து வையுங்க.